தேசித் தோட்டத்தில் நோய் எப்படிப் பரவும்: எக்செல்லில் நீங்களே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு

மஞ்சளாகிப்போன மரங்களை எண்ணி "இவ்வளவுதான் நோய்" என்று ஒரு தோட்டக்காரர் முடிவெடுத்தால், அவர் அநேகமாகப் பாதி நோயைக்கூடப் பார்க்கவில்லை. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. கீழே உள்ள கணக்கைப் போட்டால் நீங்களே காண்பீர்கள்.

நான் வெள்ளவத்தையில் உயர்தர மாணவர்களுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். வவுனியாப் பக்கம் என் மாமாவுக்குத் தேசியும் தோடையும் கலந்த தோட்டம் ஒன்று இருக்கிறது. அவர் ஒருமுறை தொலைபேசியில் "பிள்ளை, மஞ்சள் அடிச்ச மரம் எல்லாத்தையும் தறிச்சுப்போட்டன், இனிப் பயமில்லை" என்றார். தறித்தது நல்ல வேலை. ஆனால் பயமில்லை என்பது உண்மையா என்று பார்க்க மரத்தை மட்டும் பார்த்தால் போதாது, கணக்கும் வேண்டும். உயர்தரக் கணிதம் படித்த எவரும் இதைச் செய்யலாம். பெருக்கல் விருத்தி தெரிந்தால் போதும்.

முதலில் நோயைப் பற்றி. சிட்ரஸ் கிரீனிங், சீனப் பெயரில் ஹுவாங்லாங்பிங், மரத்தின் உரியத்துக்குள் (உணவைக் கடத்தும் இழையத்துக்குள்) வாழும் ஒரு பற்றீரியாவால் வருவது. நம் பக்கத்தில் அதைக் காவித் திரிவது ஆசிய சிட்ரஸ் சைலிட் என்ற பூச்சி. மூன்று நான்கு மில்லிமீற்றர் நீளம்தான். தலையைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கிச் சரிவாக இலையில் உட்காரும், அதை வைத்தே அடையாளம் காணலாம். முட்டையை இளந்துளிரில் மட்டும்தான் இடும். குஞ்சுகள் ஐந்து பருவம் தாண்டி, நல்ல வெப்பத்தில் இரண்டு மூன்று வாரத்தில் முழுப் பூச்சியாகும். கணக்குக்கு மிகவும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு: வளர்ந்த பூச்சியைவிட, நோய் மரத்துத் துளிரில் வளரும் குஞ்சுதான் பற்றீரியாவை நன்றாக எடுத்துக்கொள்கிறது. எடுத்த பிறகு அது சாகும்வரை காவி.

இந்த நோய் என்ன செய்யும் என்பதற்கு புளோரிடாவைப் பாருங்கள். அங்கே சைலிட் 1998இல் வந்தது, நோய் 2005இல் கண்டுபிடிக்கப்பட்டது. 2003-04 பருவத்தில் 24 கோடிப் பெட்டி தோடம்பழம் விளைந்த மாநிலம், 2022-23இல் 1.6 கோடிப் பெட்டியை எட்டவில்லை. புயல்களும் அடித்தன, ஆனால் முதுகெலும்பை முறித்தது இந்த நோய்.

கொழும்பில் இருப்பவர்களுக்குப் பூச்சியால் பரவும் நோயைப் புதிதாக விளக்கத் தேவையில்லை. 2017இல் நாடு முழுவதும் 1,86,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு வந்தபோது எங்கள் ஒழுங்கையில் காய்ச்சல் இல்லாத வீட்டைத் தேட வேண்டியிருந்தது. டெங்குக்கும் மலேரியாவுக்கும் போடும் அதே வகைக் கணக்குத்தான் இங்கும். 1897இல் செகந்தராபாத்தில் நுளம்பின் வயிற்றில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்ட ரொனால்ட் ரோஸ், பின்னாளில் சமன்பாடு எழுதிக் காட்டியது இதைத்தான்: எல்லா நுளம்பையும் கொல்லத் தேவையில்லை, ஓர் எல்லைக்குக் கீழே கொண்டுவந்தால் நோய் தானாக வடியும். தோட்டத்தில் வேறுபடுவது ஒன்றுதான். டெங்கு வந்த மனிதரிடமிருந்து நுளம்புக்குக் கிருமி போவது ஏறத்தாழ ஒரு கிழமைதான். நோய் பிடித்த மரமோ தறிக்கப்படும்வரை, ஆண்டுக்கணக்கில் பரப்பிக்கொண்டே இருக்கும். இந்தக் கட்டுரை முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்தின் விளைவுதான்.

பெட்டிகள்

1000 மரத் தோட்டம் ஒன்றை வைத்துக்கொள்வோம். மரங்களை ஐந்து பெட்டியாகப் பிரிக்கிறோம்.

நலமரம்: நோய் இல்லை. அடைகாப்பு: பற்றீரியா உள்ளே போய்விட்டது, ஆனால் இன்னும் அடுத்த பூச்சிக்குக் கொடுக்காது. மறைநோய்: பார்வைக்குப் பச்சைப்பசேல் என்று இருக்கும், ஆனால் பரப்பும். மஞ்சள்: அறிகுறி தெரிகிறது, பரப்பும். போனமரம்: தறித்தது அல்லது பட்டுப்போனது.

பலர் மறைநோய்ப் பெட்டியை விட்டுவிடுகிறார்கள். அதை விட்டால் இந்தக் கணக்கைப் போடாமலே இருக்கலாம். பற்றீரியா ஏறிய துளிர் ஏறத்தாழ இரண்டு வாரத்திலேயே அடுத்த பூச்சிக்கு நோயைக் கொடுக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. மரம் மஞ்சளாவதற்கோ பல மாதங்கள், சில நேரம் ஆண்டுகள் பிடிக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள காலம்தான் மறைநோய்.

பூச்சிக்கு ஒரு நிரல் போதும்: காவிச் சைலிட், அதாவது பற்றீரியாவைச் சுமக்கும் பூச்சிகளின் தொகை.

எண்கள்

கீழே உள்ளவை கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் தோட்டத்துக்கு உங்கள் எண்கள் வேண்டும். மரம் ஒன்றுக்குச் சராசரி 10 சைலிட். பூச்சியின் சராசரி ஆயுள் 5 வாரம், ஆகவே வாரம் ஒன்றுக்கு 0.2 பங்கு சாகும், அதே அளவு புதிதாக வரும். நோய் மரத்தில் வளர்ந்து வரும் பூச்சிகளில் 0.3 பங்கு காவியாகும். காவி ஒன்று ஒரு வாரத்தில் ஒரு மரத்துக்கு நோயைக் கொடுக்கும் நிகழ்தகவு 0.01. அடைகாப்பு 2 வாரம், மறைநோய் 40 வாரம். மஞ்சளான மரம் தறிக்காவிட்டால் 260 வாரம், அதாவது ஐந்து ஆண்டு, நிற்கும்.

எக்செல் தாள்

ஒவ்வொரு நிரையும் ஒரு வாரம். முதல் நிரையில் நலமரம் 1000, காவிச் சைலிட் 20, மற்றவை பூச்சியம். அயல் தோட்டத்திலிருந்து 20 காவிகள் பறந்து வந்தன என்று பொருள். அதன் பிறகு:

புதிய தொற்று = 0.01 × காவிச் சைலிட் × நலமரம் ÷ 1000

அடுத்த நலமரம் = நலமரம் − புதிய தொற்று

அடுத்த அடைகாப்பு = அடைகாப்பு + புதிய தொற்று − 0.5 × அடைகாப்பு

அடுத்த மறைநோய் = மறைநோய் + 0.5 × அடைகாப்பு − 0.025 × மறைநோய்

அடுத்த மஞ்சள் = மஞ்சள் + 0.025 × மறைநோய் − மஞ்சள் ÷ 260

அடுத்த காவி = காவி − 0.2 × காவி + 0.6 × (மறைநோய் + மஞ்சள்)

0.5 என்பது அடைகாப்பின் 1 ÷ 2 வாரம், 0.025 என்பது மறைநோயின் 1 ÷ 40 வாரம். கடைசி வரியில் உள்ள 0.6 எங்கிருந்து வந்தது? ஒரு மரத்தில் 10 பூச்சி, வாரம் 0.2 பங்கு புதிது, அதில் 0.3 பங்கு காவி. மூன்றையும் பெருக்கினால் 0.6.

மஞ்சளிலிருந்து கழிவதைப் போனமரம் நிரலில் சேர்த்துக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு நிரையிலும் ஐந்து பெட்டியின் கூட்டுத்தொகை 1000 வருகிறதா என்று ஒரு சரிபார்ப்பு நிரலும் கட்டாயம் வையுங்கள். 1000 வராவிட்டால் எங்கோ ஒரு கழித்தல் விடுபட்டிருக்கும். "அடுத்த" என்று தொடங்கும் எல்லாவற்றுக்கும் முந்தைய நிரையின் எண்களையே பயன்படுத்துங்கள். இரண்டையும் கலந்தால் விடை மெல்லப் பிசகும், பார்த்தவுடன் தெரியாது. 300 நிரைக்கு இழுத்துவிட்டு வரைபு போடுங்கள்.

முதல் வாரத் தொற்று 0.2 மரம் என்று வரும். மாணவர்கள் இதைப் பார்த்தவுடன் "மிஸ், 0.2 மரம் எப்படி?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இது சராசரி. அடுத்த வாரங்களில் 0.16, 0.128 என்று குறையும், பொது விகிதம் 0.8. முடிவில்லாமல் கூட்டினால் 0.2 ÷ 0.2 = 1. வந்த 20 காவிகளும் சாவதற்குள் சராசரியாக ஒரு மரத்துக்கு நோயைக் கொடுத்துவிட்டுப் போகும். உண்மையில் நூற்றுக்கு 37 தடவை அளவில் ஒரு மரத்துக்கும் கொடுக்காமல் சாகும், சில தடவை இரண்டு மூன்று மரத்துக்குக் கொடுக்கும். எக்செல்லின் எழுமாற்று எண்ணை வைத்து ஒவ்வொரு காவிக்கும் "கொடுத்ததா, இல்லையா" என்று போட்டுப் பார்த்தால் இந்தச் சிதறல் தெரியும். ஒரு தோட்டம் தப்பியது, பக்கத்துத் தோட்டம் பட்டது என்றால், தப்பியவர் கெட்டிக்காரர் என்று உடனே சொல்லிவிட முடியாது.

வரைபு என்ன சொல்கிறது

ஒன்றும் செய்யாமல் விட்டால், தொடக்கத்தில் நோய் மரங்கள் ஏறத்தாழ ஏழு மாதத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். அந்தக் காலம் முழுவதும் ஒரு மஞ்சள் மரத்துக்கு ஒன்றுக்குச் சற்று மேல் மறைநோய் மரம் நிற்கும். பூச்சியை 10இலிருந்து 20ஆக மாற்றிப் பாருங்கள், மஞ்சள் மரம் ஒன்றுக்கு மறைந்திருப்பது ஏறத்தாழ இரண்டாகும். நோய் வேகமாகப் பரவ, கண்ணுக்குத் தெரிவதன் பங்கு குறைகிறது. மோசமான தோட்டத்தில்தான் கண் அதிகம் ஏமாறும். இந்த விடை வந்தபோது நான் சமன்பாடுகளை மறுபடி முதலிலிருந்து சரிபார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. காரணமும் எளிது: அண்மையில் பிடித்த மரங்கள் பழையவற்றைவிட அதிகமாக இருக்கும்போது, அறிகுறி காட்ட நேரம் போதாத மரங்களும் அதிகமாக இருக்கும்.

ஒரு மரம் எத்தனை மரத்தைப் பிடிக்கும்

இதுதான் கணக்கின் இதயம், இங்கே அவசரப்படாதீர்கள். அடிப்படைப் பெருக்க எண் என்பார்கள். நலமான தோட்டத்தில் ஒரு நோய் மரம் நின்றால், அது போகும்வரை எத்தனை புதிய நோய் மரங்களை உண்டாக்கும்? ஒன்றுக்கு மேல் என்றால் நோய் வளரும், கீழ் என்றால் வடியும்.

ஒரு நோய் மரம் வாரத்துக்கு 0.6 காவியை வெளிவிடும். ஒவ்வொன்றும் 5 வாரம் வாழும். ஆகவே அந்த மரத்தின் கணக்கில் எந்நேரமும் 3 காவி உலவும். ஒவ்வொன்றும் வாரத்துக்கு 0.01 மரம், மொத்தம் 0.03 மரம். இதை மரம் பரப்பிக்கொண்டிருக்கும் வாரங்களால் பெருக்குங்கள்.

ஒன்றும் செய்யாவிட்டால் 40 + 260 = 300 வாரம். பெருக்க எண் 9.

மாமா செய்ததுபோல மஞ்சள் மரத்தைக் கண்ட அன்றே தறித்தால் மறைநோய்க் காலமான 40 வாரம் மட்டும் மிஞ்சும். பெருக்க எண் 1.2. ஒன்பதிலிருந்து 1.2 என்பது பெரிய இறக்கம், தறிக்கும் உழைப்பு வீண் போகவில்லை. ஆனாலும் ஒன்றுக்கு மேல். நோய் ஏழு மாதத்துக்குப் பதிலாக மூன்று ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிக்கும், ஆனால் நிற்காது.

மரத்தைத் தொடாமல் பூச்சியை மட்டும் பாதியாக்கினால்? 4.5. இது தறிப்பதைவிட மோசம்.

இரண்டையும் சேர்த்துச் செய்தால் 0.6. நோய் வடிகிறது. பிரேசிலின் சாவோ பாலோவில் 2004இல் நோய் தெரிந்ததிலிருந்து நோய் மரத்தை அகற்றல், பூச்சிக் கட்டுப்பாடு, நோயற்ற நாற்று மூன்றையும் ஒன்றாகச் செய்யச் சொல்லி வலியுறுத்துவதன் பின்னால் இருப்பது இந்தப் பெருக்கல்தான்.

இப்போது உண்மைக்குக் கொஞ்சம் கிட்டப் போவோம். யாரும் தினமும் 1000 மரத்தையும் பார்ப்பதில்லை. 13 வாரத்துக்கு ஒருமுறை தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கிறீர்கள், ஒவ்வொரு சுற்றிலும் மஞ்சள் மரங்களில் பாதிதான் கண்ணில் படுகிறது என்று வையுங்கள். மஞ்சளான மரம் முதல் சுற்றுக்குச் சராசரி 6.5 வாரம் காத்திருக்கும். பாதி தப்புவதால் சராசரியாக இன்னுமொரு சுற்று, அதாவது 13 வாரம். ஆக 19.5. மறைநோயோடு சேர்த்து ஏறத்தாழ 60 வாரம், பெருக்க எண் 1.8.

இதையே திருப்பிப் போட்டால் தோட்டக்காரருக்கு மிகவும் பயன்படும் விடை வரும்: மரம் ஒன்றுக்கு எத்தனை சைலிட்டுக்குக் கீழே வைத்திருக்க வேண்டும்? கண்ட அன்றே தறிப்பவர் 8.3க்குக் கீழே வைத்தால் போதும். 13 வாரத்துக்கு ஒருமுறை, பாதியைத் தவறவிட்டுப் பார்ப்பவர் 5.6. தறிக்கவே மனமில்லாதவர் 1.1க்குக் கீழே வைத்திருக்க வேண்டும், அது மிகவும் கடினமான காரியம். நன்றாகப் பார்க்கும் கண் ஒன்று பூச்சிமருந்துச் செலவைக் குறைக்கும். மாமாவுக்கு நான் அனுப்பியதும் இந்த மூன்று எண்கள்தான், சமன்பாட்டை அல்ல.

வேலிக்கு அப்பால்

பெருக்க எண் ஒன்றுக்குக் கீழ் வந்துவிட்டதென்றால் நோய் போய்விட்டதென்று பொருளல்ல. பெருக்க எண் 0.6 ஆக உள்ள தோட்டத்துக்கு ஆண்டுக்கு 20 காவி வெளியிலிருந்து வந்தால், முதலில் 1 மரம். அது 0.6 மரத்தையும், அவை 0.36ஐயும் பிடிக்கும். மறுபடியும் பெருக்கல் விருத்திதான்: 1 ÷ (1 − 0.6) = 2.5 மரம். அதுவே பெருக்க எண் 0.9 என்றால் 10 மரம். ஒன்றுக்குக் கீழே சற்று இறங்கியதும் நிறுத்தக்கூடாது என்பதற்கும், அயல்காரரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்கும் இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியாது. வேலியில் எத்தேரியா நின்றால் அதையும் பாருங்கள். அந்த வெள்ளைப் பூச்செடி சைலிட்டுக்கு மிகவும் பிடித்த இடம். கறிவேப்பிலையிலும் சைலிட் பெருகும், ஆகவே பூச்சியை எண்ணும்போது வீட்டுப் பக்கத்துக் கறிவேப்பிலையை விட்டுவிடாதீர்கள்.

தாளைச் சீராக்க

மிகப் பெரிய மாற்றம் பருவம். மழைக்குப் பின் துளிர் வரும், துளிரோடு சைலிட் வரும். வவுனியாவில் மாரி மழைக்குப் பின் ஒரு பெரும் துளிர்ப்பு, கோடையில் வறட்சி. 10 என்ற மாறிலியை எடுத்துவிட்டு 52 வாரத்துக்கும் தனித்தனி எண் போட்ட ஒரு நிரல் வையுங்கள். மருந்தடிப்பைத் துளிர்ப்புக்கு முன் ஒரு வாரம், பின் ஒரு வாரம் என்று நகர்த்திப் பாருங்கள். எந்தக் கிழமையில் அடிப்பது என்பது எத்தனை முறை அடிப்பது என்பதைவிட முக்கியமாக வரலாம்.

மறைநோய்க்கு 0.025 என்று வைத்ததில் ஒரு குறை உண்டு: நோய் பிடித்த அடுத்த மாதமே சில மரங்கள் மஞ்சளாகிவிடும் என்று அது சொல்லும். அந்தப் பெட்டியை நான்காகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 10 வாரம் கொடுங்கள். பெருக்க எண் மாறாது, ஆனால் முதல் மஞ்சள் மரம் எப்போது தெரியும் என்பது உண்மைக்கு ஒத்து வரும்.

இடத்தையும் சேர்க்க விரும்பினால் எக்செல் களைத்துவிடும், பைதன் என்ற கணினி மொழிக்குப் போங்கள். 25க்கு 40 என்று மரங்களைச் சதுரக் கட்டத்தில் நிறுத்தி, காவி பெரும்பாலும் பக்கத்து மரத்துக்கும், அரிதாக எங்கோ தூரத்துக்கும் தாவும்படி எழுதுங்கள். வெளியிலிருந்து வருபவை ஓரத்து மரங்களில் இறங்கட்டும். தோட்டத்து ஓரங்களில் நோய் கூடுதலாக இருப்பது பல நாடுகளிலும் கண்ட விடயம். தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க நேரம் குறைவென்றால் ஓரத்திலிருந்து தொடங்குங்கள்.

சிட்ரஸ் மரங்களைத் தாக்கும் டிரிஸ்டெசா வைரசுக்கு இதே தாளைப் பயன்படுத்தலாம், தேசி அதற்கு மிகவும் எளிதில் படும். ஆனால் அதைக் காவுவது அசுவுணி என்ற சாறு உறிஞ்சும் பூச்சி. வைரசைச் சில நிமிடங்களில் எடுத்து ஒரு நாள் அளவில் இழந்துவிடும். ஆகவே காவி நிரலை வாரத்தில் அல்ல, நாளில் ஓட்டுங்கள், "சாகும்வரை காவி" என்ற வரியையும் மாற்றுங்கள்.

உங்கள் எண்களை எடுக்க

வெள்ளை மட்டை ஒன்றைக் கிளைக்குக் கீழே பிடித்து, தடியால் மூன்று தட்டுத் தட்டுங்கள். விழும் சைலிட்டை எண்ணுங்கள். ஒவ்வொரு கிழமையும் அதே மரங்களில், காலையில் ஒரே நேரத்தில் செய்யுங்கள். மரத்தில் உள்ள எல்லாம் விழாது, ஆகவே இது மொத்தத் தொகை அல்ல, ஏற்ற இறக்கத்தைக் காட்டும் அளவு. மஞ்சள் ஒட்டுப்பொறியும் அப்படித்தான்.

மஞ்சள் மரத்தை எண்ணும்போது இலையை நடு நரம்போடு மடித்துப் பாருங்கள். நாகச் (துத்தநாகச்) சத்துக் குறைவு இரு பக்கமும் ஒரே மாதிரி மஞ்சளிக்கும். இந்த நோயில் இரு பக்கமும் ஒத்துப்போகாமல் திட்டுத்திட்டாக இருக்கும். காய் கோணலாகச் சிறுத்து, அடிப்பக்கம் பச்சையாகவே நிற்கும். சந்தேகமான மரங்களுக்குப் பிசிஆர் பரிசோதனைதான் முடிவு சொல்லும்.

மாமா இப்போது ஒவ்வொரு கிழமையும் தட்டல் எண்ணிக்கை, புதிதாகக் கண்ட மஞ்சள் மரத்தின் வரிசை எண், துளிர் இருக்கிறதா இல்லையா என்ற மூன்றையும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அந்த மூன்று நிரலும் இருந்தால், ஒரு மாரி கடந்ததும் 0.01, 0.3 என்று நான் வைத்த எண்களை நீக்கி, வரைபு அவருடைய தோட்டத்தோடு பொருந்தும்வரை மாற்றிப் பார்க்கலாம். நீங்களும் இதே மூன்றிலிருந்து தொடங்குங்கள்.